ஓ.எம்.ஆர். வரை ஏன் போக வேண்டும்?

வேலை கொடுக்கும் நிறுவனம் ஓர் ஊரில், வேலை செய்பவர் வேறோர் ஊரில். இந்த ஏற்பாட்டைத்தான் தொலைவிலிருந்து வேலை என்கிறோம். 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' அதில் ஒரு வகை மட்டுமே. வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்று போவது 'ஹைப்ரிட்'. எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் லாக்-இன் செய்யலாம் என்பது இன்னொரு வகை. தலைமையகத்துக்குப் போகாமல் சொந்த ஊருக்குப் பக்கத்தில் நிறுவனம் திறந்த சிறு கிளையில் உட்கார்ந்து வேலை பார்ப்பது நான்காவது வகை. நான்கின் லாப நட்டமும் வேறு வேறு. பேச்சில் இவை ஒன்றாகக் கலந்துவிடுவதால் ஒரு மேனேஜர் 'உற்பத்தி படுத்துவிட்டது' என்கிறார், அவருக்குக் கீழே இருப்பவர் 'இப்போதுதான் ஒழுங்காக வேலை ஓடுகிறது' என்கிறார். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான்.

எல்லா வேலையும் இப்படி நகராது. பஸ் ஓட்டுநர், செவிலியர், திருப்பூரில் தையல் மிஷின் முன்னால் உட்காருபவர், கொத்தனார் ஆகியோருக்கு இந்தப் பேச்சில் இடமே இல்லை. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர்கள் ஜோனதன் டிங்கலும் ப்ரென்ட் நீமனும் 2020-இல் கணக்கிட்டபோது, அமெரிக்க வேலைகளில் 37 சதவீதத்தை மட்டுமே முழுக்க வீட்டிலிருந்து செய்ய முடியும் என்று தெரிந்தது. ஆனால் மொத்தச் சம்பளத்தில் 46 சதவீதம் அந்த வேலைகளுக்குப் போகிறது. அதாவது, இது நல்ல சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் வசதி. ஏழை நாடுகளில் இந்தப் பங்கு இன்னும் குறைவு.

டிராஃபிக்கில் பிறந்த யோசனை

1973-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் கார் நெரிசலில் திணறிக்கொண்டிருந்தது. விண்வெளித் துறையில் பொறியாளராக இருந்து தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்த ஜாக் நில்லஸ், ஆட்களை அலுவலகத்துக்கு இழுப்பதற்குப் பதில் வேலையை ஆட்களிடம் அனுப்பினால் என்ன என்று கேட்டார். 'டெலிகம்யூட்டிங்' என்ற பெயரை வைத்தவரும் அவரே. ஒரு காப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து அதைச் சோதித்தும் பார்த்தார். நகர மையத்துக்குத் தினமும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த எழுத்தர்கள், வீட்டுக்கு அருகே அமைக்கப்பட்ட சிறு கிளை அலுவலகங்களுக்குப் போனார்கள். அவர்கள் பதிவு செய்தவை அங்கிருந்த சிறு கணினி வழியாகத் தலைமையகக் கணினிக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்தச் சோதனையில் யாரையும் வீட்டில் உட்காரச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீடு பிறகுதான் வந்தது. 1979-இல் ஐ.பி.எம். நிறுவனம் கலிஃபோர்னியாவில் 5 ஊழியர்களின் வீட்டில் கணினி முனையங்களை வைத்தது. 1983-க்குள் அந்த எண்ணிக்கை சுமார் 2,000 ஆனது. பெர்சனல் கம்ப்யூட்டரும் பிராட்பேண்டும் வந்ததும் வேகம் கூடியது. ஆனாலும் பாதை நேராகப் போகவில்லை. 2013-இல் யாஹூ தன் ஊழியர்களை வீட்டிலிருந்து திரும்ப அழைத்தது. முன்னோடியான ஐ.பி.எம்-மே 2017-இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களை அலுவலகத்துக்கு வரச் சொன்னது.

இந்தியாவில் தடையாக நின்றது தொழில்நுட்பம் அல்ல, அரசாணை. கால் சென்டர், பி.பி.ஓ. நிறுவனங்கள் தொலைத்தொடர்புத் துறையிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஊழியர் வீட்டிலிருந்து அழைப்பை எடுக்க வேண்டுமானால் நிறுவனம் 1 கோடி ரூபாய் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்ற நிலை இருந்தது. சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருந்த ஐ.டி. நிறுவனங்களுக்கு வேறு சிக்கல். வரிச்சலுகையே அந்த வளாகத்தைச் சார்ந்திருந்ததால், அங்கிருந்து ஒரு கணினியை வெளியே கொண்டுபோகவும் அனுமதி வேண்டியிருந்தது.

2020 மார்ச் ஊரடங்கு இவற்றையெல்லாம் சில நாளில் ஓரங்கட்டியது. லேப்டாப் இல்லாத ஊழியர்களுக்கு டெஸ்க்டாப் பெட்டியும் மானிட்டரும் கேப்களில் வீடு வந்து சேர்ந்தன. தற்காலிகமாகக் கொடுத்த தளர்வை அரசு 2020 நவம்பர் 5 அன்று நிரந்தரமாக்கியது: பி.பி.ஓ. நிறுவனங்களுக்குப் பதிவும் வேண்டாம், பிணைத்தொகையும் வேண்டாம். சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு 2022 ஜூலையில் தனி விதியே வந்தது. முதலில் பாதிப் பேருக்கு வீட்டு வேலை என்று தொடங்கி, அதே ஆண்டு டிசம்பரில் அனைவருக்கும் என்று அது விரிந்தது.

ஊழியருக்குக் கிடைப்பது

முதல் லாபம் நேரம். தாம்பரத்தில் குடியிருந்து சோழிங்கநல்லூரில் வேலை பார்ப்பவருக்குப் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். மழை நாளில் இந்தக் கணக்கு செல்லாது. மாதம் 22 வேலை நாளுக்கு 55 மணி நேரம் ஆகிறது. எட்டு மணி நேர ஷிஃப்டாகப் பிரித்தால் ஏறக்குறைய ஏழு நாள் உழைப்பு, சம்பளம் இல்லாமல். மாதவரம்–சிறுசேரி மெட்ரோ பாதைக்காக ஓ.எம்.ஆர். என்கிற ராஜீவ் காந்தி சாலையின் நடுவே தடுப்புகள் எழுந்தபின் இது இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை. வீட்டு வேலையில் இந்த நேரம் முழுவதும் ஊழியருக்கே வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அதில் ஒரு பங்கைக் காலை எட்டரை மணி மீட்டிங் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியது தூக்கத்துக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் போகிறது. அதுவே பெரிய விஷயம்.

அடுத்தது பணம். வெளியூரிலிருந்து வந்து சென்னையில் வேலை பார்ப்பவரின் சம்பளத்தில் அட்வான்ஸ், வாடகை, மெயின்டெனன்ஸ், அல்லது ஹாஸ்டல் கட்டணம், மெஸ் சாப்பாடு, வாரக்கடைசி ஆம்னி பஸ் டிக்கெட் என்று ஒரு பெரும் பகுதி கரைகிறது. ஊரில் சொந்த வீட்டில் இருந்தால் இவை மிஞ்சும். மிஞ்சும் பணம் வங்கியில் தூங்குவதும் இல்லை. கோவில்பட்டி மளிகைக் கடைக்கும் கும்பகோணத்து டிபன் சென்டருக்கும் போகிறது. ஒரு ஐ.டி. சம்பளம் சிறு நகரத்தில் செலவாகும்போது அங்கே நாலு பேருக்கு வியாபாரம் நடக்கிறது. தொலைவு வேலையின் பலன்களில் அதிகம் பேசப்படாதது இதுதான்.

பெண்களுக்கு இதன் பயன் வேறு தளத்தில் இருக்கிறது. படித்து, நல்ல வேலையில் சேர்ந்து, முதல் குழந்தையோடு வேலையை விட்டவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன் சட்டம் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 26 வாரமாக்கியது. கூடவே, வேலையின் தன்மை இடம் கொடுத்தால் விடுப்பு முடிந்தபின் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு நிறுவனமும் ஊழியரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்றும் ஒரு பிரிவைச் சேர்த்தது. கொரோனாவுக்கு மூன்று ஆண்டு முன்பே சட்டப் புத்தகத்தில் ஏறிய இந்தப் பிரிவைப் பற்றிப் பல ஊழியர்களுக்கு இன்றும் தெரியாது. கேட்டால் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கேட்பதற்குச் சட்டம் துணை நிற்கிறது.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் பார்வையற்றவருக்கும் இது வசதி என்ற எல்லையைத் தாண்டியது. தாழ்தளப் பேருந்து வராத வழித்தடத்தில், சாய்தளம் இல்லாத கட்டடத்தில் உள்ள வேலை அவர்களுக்கு இல்லாத வேலைதான்.

இனி மறுபக்கம். அலுவலகத்தில் கம்பெனி கட்டிவந்த சில பில்கள் சத்தமில்லாமல் ஊழியரின் பெயருக்கு மாறுகின்றன. பகல் முழுக்க ஃபேனும் கம்ப்யூட்டரும், மே மாதத்தில் ஏ.சி-யும் ஓடினால் மின்சாரக் கணக்கு ஏறும். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அதற்குக் கீழுள்ள அடுக்கின் கட்டணமும் சேர்ந்து கூடிவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிற்கும் மின்சாரம் மதியம் தாண்டித்தான் வரும். அதற்கு இன்வெர்ட்டர் வேண்டும், ரவுட்டருக்குத் தனியாக ஒரு குட்டி யூ.பி.எஸ். வேண்டும். ஃபைபர் இணைப்பு அறுந்தால் செல்போன் ஹாட்ஸ்பாட். முதுகு வலிக்காத நாற்காலி நல்லதாக வாங்கினால் ஐந்தாயிரத்துக்கு மேல். எல்லாவற்றையும்விட விலை கூடியது, கதவைச் சாத்திக்கொள்ள முடிகிற ஓர் அறை.

நிறுவனத்தின் கணக்கு

ஊழியர் மேல் உள்ள கருணையால் எந்த நிறுவனமும் இதை ஏற்பதில்லை. கணக்குப் போட்டுத்தான் ஏற்கிறது. ஓர் இருக்கைக்கு 80 சதுர அடி, சதுர அடிக்கு மாதம் 70 ரூபாய் வாடகை என்று எடுத்துக்கொண்டால் ஒருவர் உட்காரும் இடத்துக்கு மட்டும் மாதம் 5,600 ரூபாய். ஆயிரம் பேர் முறைவைத்து வந்து போக 650 இருக்கை போதும் என்றாகிவிட்டால் மாதம் 19 லட்சத்து 60 ஆயிரம் மிச்சம். ஏ.சி. மின்சாரம், பராமரிப்புக் கட்டணம், கேன்டீன், இரவு ஷிஃப்ட் கேப் எல்லாம் இதற்கு வெளியே.

வாடகையைவிடப் பெரிய கணக்கு, ஆட்கள் வேலையை விட்டுப் போவது. ஒருவர் பேப்பர் போட்டால் அவருக்கு மூன்று மாத நோட்டீஸ் பீரியட். அந்த மூன்று மாதத்தில் அவரிடமிருந்து அரை மனது வேலைதான் கிடைக்கும். புதியவரைத் தேடும் செலவு, அவர் கேட்கும் கூடுதல் சம்பளம், அவர் பிராஜெக்ட்டைப் புரிந்துகொள்ள ஆகும் காலம் எல்லாம் பிறகு வரிசையாக வரும். 2022 ஜூனில் முடிந்த காலாண்டில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டவர்களின் விகிதம் 28.4 சதவீதத்தைத் தொட்டது. அப்போது பெரும்பாலோர் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வீட்டு வேலை ஆட்களைப் பிடித்து வைக்கும். மதிய இடைவேளையில் இன்னொரு கம்பெனி இன்டர்வியூவை யாருக்கும் தெரியாமல் முடித்துக்கொள்ளவும் அதுவே வழி செய்யும். சந்தையில் ஆள் தட்டுப்பாடு இருக்கும் காலத்தில் இரண்டாவதுதான் ஜெயிக்கிறது.

ஆள் எடுக்கும் எல்லை விரிவதும் நிறுவனத்துக்குச் சாதகம். பெங்களூருவுக்குக் குடிபெயரத் தயாராக இருப்பவர்களுக்குள் மட்டும் தேடுவதும், நாகர்கோவில் முதல் குவாஹாத்தி வரை தேடுவதும் ஒன்றல்ல. கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் தலைமையகக் கட்டடமே இல்லாமல் பல நாட்டு ஊழியர்களைக் கொண்டு வளர்ந்து 2021-இல் அமெரிக்கப் பங்குச்சந்தையில் ஏறியது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2012-இல் தன் பரிசோதகர்களை நாட்டின் எந்த மூலையிலும் குடியிருக்க அனுமதித்தது. ஏற்கெனவே வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் இப்படி விருப்பமான ஊருக்குப் போனபின் அவர்கள் முடித்த வேலை 4.4 சதவீதம் கூடியதாக ஹார்வர்டு பேராசிரியர் பிருத்விராஜ் சௌத்ரி குழுவின் ஆய்வு காட்டியது. காப்புரிமை மனுவைப் படித்து முடிவு எழுதுவது தனியாகச் செய்யும் வேலை, எண்ணிப் பார்க்கக்கூடிய வேலை. அந்தப் பலன் எல்லாத் துறைக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பேரிடர் காலப் பயனைச் சென்னைக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிறுவனங்கள் வேலை நிற்காமலிருக்க ஊழியர்களைப் பஸ் வைத்து மற்ற நகரங்களுக்கு அனுப்பின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீட்டுக்குள் தண்ணீர், மின்சாரம் இல்லை, டவர் இல்லை. வேலை ஓடியது வெளியூர்களில் இருந்தவர்களால்தான். நிறுவனத்தைக் காப்பாற்றுவது வீடு அல்ல. ஆட்கள் பல ஊர்களில் பிரிந்திருப்பது.

ஒரு டிக்கெட்டின் பயணம்

வேலை எப்படி ஓடுகிறது என்பதை ஒரு சிறு உதாரணத்தில் பார்க்கலாம். வங்கிச் செயலி ஒன்றில் பணம் அனுப்பும் பக்கம் சில போன்களில் உறைந்து நிற்கிறது என்று வாடிக்கையாளர் புகார் செய்கிறார். சப்போர்ட் ஊழியர் அதை ஒரு 'டிக்கெட்'டாகப் பதிகிறார்: எந்த போன், எந்த வெர்ஷன், எந்தப் பொத்தானை அழுத்தியதும் நின்றது, ஸ்கிரீன்ஷாட். காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் டீம் லீட் அதை ஈரோட்டில் இருக்கும் டெவலப்பருக்குத் தருகிறார். அவர் வி.பி.என். வழியாக நிறுவன வலைக்குள் நுழைந்து, போனுக்கு வரும் ஓ.டி.பி-யைத் தட்டி, கோடைத் திருத்தி அனுப்புகிறார். ஹைதராபாத்தில் இருக்கும் சீனியர் அதை வரிவரியாகப் பார்த்து இரண்டு இடத்தில் கேள்வி எழுதுகிறார். பதில் வருகிறது, ஒப்புதல் வருகிறது, டெஸ்டிங் ஆள் சரிபார்க்கிறார், இரவு ரிலீஸ். இதில் ஐவரும் ஒரே அறையில் இருக்க வேண்டிய கட்டம் எதுவும் இல்லை.

இது நடப்பதற்குக் காரணம், ஒவ்வொரு படியும் எழுத்தில் இருப்பது. முதல் டிக்கெட்டில் 'ஆப் வேலை செய்யவில்லை, சீக்கிரம் பாருங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் மறுநாள் வரை போன் அழைப்புகளே பறந்துகொண்டிருக்கும். அலுவலகத்தில் இந்தக் குறை தெரியாது. எழுந்து போய்ப் பக்கத்து சீட்டில் கேட்டுவிடலாம். தொலைவு வேலை தோற்றுப்போகும் இடங்களில் பெரும்பாலும் ஆட்களின் சோம்பல் காரணமாக இருப்பதில்லை. எழுதிவைக்கும் பழக்கம் இல்லாததுதான் காரணம். லாக்-இன் நேரத்தையும் மவுஸ் அசைவையும் கண்காணிக்கும் மென்பொருளை வாங்குகிற நிர்வாகம், எழுதக் கற்றுக்கொடுக்கச் செலவழிப்பதில்லை.

ஷாங்காயும் சென்னையும்

வீட்டில் வேலை கூடுகிறதா, குறைகிறதா? இதற்குக் குத்துமதிப்பாகப் பதில் சொல்பவர்கள் ஏராளம். முறையாகச் சோதித்தவர்கள் சிலர்தான். அவற்றில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் தெளிகிறது.

சீனாவின் சி-ட்ரிப் பயண நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டரில் 2010 டிசம்பரில் ஒரு சோதனை தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும், நிறுவனத்தின் இணை நிறுவனர் ஜேம்ஸ் லியாங்கும் அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர்கள். விருப்பம் தெரிவித்தவர்களில் தகுதியான 249 பேரை எடுத்தார்கள். பிறந்த தேதி இரட்டைப்படை என்றால் வாரத்தில் நான்கு நாள் வீடு. ஒற்றைப்படை என்றால் வழக்கம்போல அலுவலகம். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால் வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. அதில் 9 பங்கு, இடைவேளையும் உடம்பு சரியில்லை என்ற லீவும் குறைந்ததால் வந்தது. 4 பங்கு, நிமிடத்துக்கு எடுத்த அழைப்புகள் கூடியதால் வந்தது. வேலையை விட்டவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். நிறுவனத்துக்கு ஓர் ஊழியருக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் மிச்சமானது.

இந்த வெற்றியை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டு விவரங்களை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, சோதனையில் சேர பிராட்பேண்டும், வேலை நேரத்தில் வேறு யாரும் வராத தனி அறையும் வீட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு, சோதனை முடிந்து அவரவர் விருப்பத்துக்கு விட்டபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். வீட்டுத் தனிமை பிடிக்காமல் அலுவலகம் திரும்பியவர்களும் அதில் உண்டு. அப்படி மாறியபின் லாபம் 22 சதவீதமாக ஏறியது. கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவதும் கட்டாயப்படுத்தி அலுவலகத்துக்கு அழைப்பதும் ஒரே தவறு என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. அதே சோதனையில், நன்றாக வேலை செய்தும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. கண்ணில் படாதவர் நினைவிலும் இல்லை.

இரண்டாவது சோதனை நம் சென்னையில் நடந்தது. டேவிட் அட்கின், ஆன்ட்வனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகிய மூவர், டேட்டா என்ட்ரி ஊழியர்களைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பிரித்தார்கள். 2023-இல் வந்த அதன் முடிவு நேர்மாறு: வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தி 18 சதவீதம் குறைவு. இந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. மீதி, அலுவலகத்தில் இருந்தவர்கள் வேலையை வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது.

இதோடு நின்றிருந்தால் 'நான் அப்போதே சொன்னேன்' என்று மேனேஜர்கள் சந்தோஷப்படலாம். ஆனால் ஆய்வின் முக்கியமான பகுதி அடுத்ததுதான். வீட்டு வேலையே வேண்டும் என்று விரும்பியவர்கள், தொடக்கத்தில் வைத்த தேர்வில் மற்றவர்களைவிட 12 சதவீதம் வேகமாகவும் பிழை குறைவாகவும் செய்தவர்கள். திறமையில் அவர்கள் ஒரு படி மேல். அவர்களை வீட்டில் உட்கார வைத்தபோதுதான் சரிவு மிக அதிகம், 27 சதவீதம். அலுவலகத்தை விரும்பியவர்களுக்கு வீட்டில் ஏற்பட்ட சரிவு 13 சதவீதம் மட்டுமே. ஏன் இப்படி? குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் ஏழைக் குடும்பத்தினரும் வீட்டு வேலையை விரும்பியவர்களில் இருந்தார்கள். அவர்கள் வீட்டைக் கேட்டது அங்கே வேலை நன்றாக ஓடும் என்பதற்காக அல்ல. அலுவலகம் போக முடியாது என்பதற்காக. டேட்டா பதிந்துகொண்டே குக்கர் விசிலை எண்ண வேண்டும், ஹாலில் டி.வி. ஓடும், அழைப்பு மணி அடித்தால் எழுந்து போக வேண்டும். ஷாங்காயில் நிபந்தனையாக இருந்த தனி அறை இங்கே பலருக்கு இல்லை.

இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் படித்தால் தெரிவது ஒன்றுதான். தூரம் வேலையைக் கெடுப்பதில்லை. வேலை செய்ய இடமில்லாத வீடு கெடுக்கிறது.

நடுவழி

வாரத்தில் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம் என்ற ஹைப்ரிட் முறைக்கும் ஆதாரம் இருக்கிறது. முன்பு சி-ட்ரிப் என்றிருந்த அதே நிறுவனம், ட்ரிப்.காம் என்ற பெயரில் 2021–22-இல் 1,612 பட்டதாரி ஊழியர்களிடம் இதைச் சோதித்தது. இம்முறையும் பிறந்த தேதிதான் குலுக்கல் சீட்டு. வேலையின் தரத்திலோ பதவி உயர்விலோ வித்தியாசம் இல்லை. வேலையை விட்டவர்கள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பெண்களுக்கும் நெடுந்தூரம் பயணிப்பவர்களுக்கும் பலன் கூடுதல். தொடக்கத்தில் 'உற்பத்தி குறையும்' என்று எதிர்பார்த்த மேனேஜர்களே முடிவில் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அலுவலகம் முழுக்கத் தேவைப்படுபவர்கள் ஃப்ரெஷர்கள்தான். கல்லூரியிலிருந்து நேராக வந்தவருக்கு எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாது. பக்கத்து சீட்டில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துத்தான் பாதி கற்கிறார். மைக்ரோசாஃப்ட் தன் 61,000 அமெரிக்க ஊழியர்களின் தகவல் தொடர்பை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட கட்டுரையும் இதன் இன்னொரு முகத்தைக் காட்டியது. எல்லாரும் வீட்டுக்குப் போனபின் அவரவர் குழுவுக்குள் பேச்சு இறுகியது. மற்றக் குழுக்களோடு செலவழித்த நேரம் கால்வாசி குறைந்தது. ஆசிய ஐ.டி. நிறுவனம் ஒன்றின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பற்றிய ஓர் ஆய்வில், ஊரடங்குக் காலத்தில் வேலை நேரம் நீண்டது, முடிந்த வேலை கூடவில்லை, இடைப்பட்டதை மீட்டிங்குகள் தின்றன என்று தெரிந்தது.

இந்திய நிறுவனங்கள் இதற்கிடையே முன்னும் பின்னும் ஆடின. 2025-க்குள் எந்த நேரத்திலும் 25 சதவீத ஊழியர்கள் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020 ஏப்ரலில் அறிவித்த டி.சி.எஸ்., 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. ஒரே நேரத்தில் போட்டி நிறுவனத்துக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியதாக 2022 செப்டம்பரில் விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி வெளிப்படையாகச் சொன்னார். 'மூன்லைட்டிங்' என்ற சொல் அந்த மாதம் வீட்டுக்கு வீடு அறிமுகமானது. திரும்ப அழைத்ததற்குப் பயம் ஒரு காரணம், பழக்கம் ஒரு காரணம், கட்டி முடித்த வளாகங்கள் காலியாகக் கிடந்தது இன்னொரு காரணம். எண்களைப் பார்த்து மட்டும் எடுத்த முடிவு என்று யாரும் சொல்ல முடியாது.

சட்டமும் பின்தங்கியே இருக்கிறது. ஃபிரான்ஸில் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. போர்ச்சுகல் 2021-இல் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டில் கூடும் மின்சார, இணையச் செலவையும் முதலாளியின் கணக்கில் சேர்த்தது. இந்தியாவில் தொடர்பைத் துண்டிக்கும் உரிமைக்காக எம்.பி. சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. கம்பெனி பாலிசி எப்படி இருக்கிறதோ அதுதான் இங்கே சட்டம்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகம்

தமிழ்நாட்டுக்கு மிகவும் பொருந்துவது முதலில் சொன்ன நான்கு வகைகளில் கடைசி வகை. ஜோஹோ நிறுவனம் கொரோனாவுக்கு வெகுமுன்பே, 2011-இல், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் கிளை திறந்தது. ஊழியர்கள் சென்னைக்கு வரவில்லை; வீட்டிலும் முடங்கவில்லை. ஊரிலிருந்து டூ-வீலரில் போய், ஜெனரேட்டரும் நல்ல இணைய இணைப்பும் உள்ள இடத்தில், சீனியர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். சென்னையில் 2000-ஆம் ஆண்டு திறந்த டைடல் பார்க்கின் வழியில் அரசு கட்டும் மினி டைடல் பூங்காக்களும் இதே திசையில் போகின்றன. விழுப்புரத்தில் 2024 பிப்ரவரியிலும், தஞ்சாவூரிலும் சேலத்திலும் அதே ஆண்டு செப்டம்பரிலும், தூத்துக்குடியில் டிசம்பரிலும் அவை திறக்கப்பட்டன.

இந்தக் கட்டடங்கள் நிறுவனங்களுக்குத் தளம் தளமாக வாடகைக்குப் போவதோடு நின்றுவிடக் கூடாது. விழுப்புரத்தில் குடியிருந்து புனே நிறுவனத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் மாதக் கட்டணம் செலுத்தி ஒரு மேசையை எடுத்துக்கொள்ள வழி வேண்டும். அந்தக் கட்டணத்தை, சென்னை இருக்கையில் மிச்சம் பிடித்த 5,600 ரூபாயிலிருந்து அவருடைய நிறுவனமே கட்டலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. அதை இந்தப் பூங்காக்களில் முதல் நாளிலிருந்தே நடத்திக் காட்ட வேண்டியது அரசின் பொறுப்பு. 27 சதவீதச் சரிவைச் சந்தித்த அந்த ஊழியர்களுக்குத் தேவைப்பட்டவை அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் அறையும், குழந்தையை விட்டுவைக்க நம்பிக்கையான ஓர் இடமும்தான். இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு மேம்பாலத்துக்கு ஆவதைவிடக் குறைவு.